மாசி வெயிலுக்கும் பங்குனி மழைக்கும் நடுவில்: பினாங்கு வீட்டுத் தோட்ட வேலைகள்

வசந்தகாலத் தோட்ட வேலை என்று இணையத்தில் தேடினால் பனி உருகிய பிறகு என்ன செய்வது என்றுதான் வரும். பினாங்கில் உருகப் பனி ஏது? ஆனாலும் இங்கே செடிகளுக்கு ஒரு திருப்பம் உண்டு. ஜனவரியும் பிப்ரவரியும் காய்ந்து கிடக்கும். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ மாலை நேர இடிமழை பிடிக்கும். கோலாலம்பூரில் வறட்சி இவ்வளவு கடுமையாக இருக்காது, ஏப்ரல் மழை மட்டும் பலமாக இருக்கும். எந்த வேலை மழைக்கு முன், எது மழைக்குப் பின் என்று தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும். வெட்டுவதும் மண்ணைப் புரட்டுவதும் முன்னால். உரமும் விதையும் பின்னால். நாள்காட்டியைவிட வானத்தைப் பார்ப்பதே மேல்.

ஒரு வேலைக்கு மட்டும் மழை கணக்கில்லை, சூரியன்தான் கணக்கு. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நம் கடிகாரம் முன்னால் ஓடுவதால் அந்த உச்சிவேளை பகல் 12 மணி இல்லை, 1.20 வாக்கில். அதற்குப் பிறகு செப்டம்பர் தொடக்கம் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே போகும். வரிசை வீட்டு வாசலில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். தெற்கு பார்த்த வாசலில் டிசம்பர், ஜனவரியில் கூரைக்கு அடியில் சாய்ந்து வந்த வெயில் ஏப்ரலில் நின்றுவிடும். அங்கே இருக்கும் ரோஜாவும் துளசியும் மெலிந்து நீண்டு, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். “உரம் போதவில்லை” என்று இன்னும் உரம் கொட்டுவார்கள், தேவை வெளிச்சம். வடக்கு பார்த்த வாசலிலோ இத்தனை மாதம் நிழலில் இருந்த ஆந்தூரியம், வெற்றிலைக்கொடி மேல் திடீரென்று நேர் வெயில் விழும். இலையில் வெளுத்த திட்டு வந்து, பிறகு பழுப்பாகிக் காகிதம் போல் காயும். அந்த இலை தேறாது. ஆகவே மார்ச் கடைசி வாரத்தில் தெற்கு வாசல் தொட்டிகளைக் கூரைக்கு வெளியே நகர்த்துங்கள். வடக்கு வாசலில் நிழல் செடிகளை இரண்டு அடி உள்ளே இழுங்கள். ஒரே நாளில் முழு வெயிலில் வைக்காமல், முதல் வாரம் காலை வெயில் மட்டும் படும்படி வைத்துப் பழக்குவது நல்லது.

சிமெண்ட் தரையில் கறுப்புப் பாலிதீன் பையில் செடி வைத்திருந்தால், அடியில் இரண்டு செங்கல் கொடுத்துக் காற்றோட விடுங்கள். மேற்குச் சுவரோரம் இது மிகவும் முக்கியம். தண்ணீர் இருந்தும் மதியம் வாடுகிற செடிக்குப் பெரும்பாலும் வேர்தான் வெந்துகொண்டிருக்கும்.

இனி கத்தரிக்கோல். கறிவேப்பிலையில் பூமொட்டும் காயும் வந்திருந்தால் முதலில் அவற்றைக் கிள்ளி எறியுங்கள். காய்க்கப் போகிற சத்து இலைக்குப் போகட்டும். விதைக்கு வேண்டுமென்றால் கறுத்துப் பழுத்த நாலைந்தை விட்டுவைத்து, சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். இந்த விதை காய்ந்தால் சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். உயர்ந்து போய் உச்சியில் மட்டும் இலை வைத்த செடியை முழங்கால் உயரத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டலாம். பயப்பட வேண்டாம். சுமார் மூன்று வாரத்தில் கணுக்களிலிருந்து பல கிளை வரும். தொட்டிச் செடியாக இருந்தால் வெட்டும் அதே நாளில் வேரையும் கவனித்துவிடுங்கள். வெளியே எடுத்து, சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரை ஓரத்தில் 2 செ.மீ. அளவுக்குச் சீவி, புதுமண்ணில் நட்டு, பத்து நாள் அரைநிழலில் வையுங்கள். மேலே கிளையைக் குறைத்திருப்பதால் குறைந்த வேர் தாங்கிக்கொள்ளும். புதுத்தளிர் விரல் நீளம் வரும்வரை உரம் கூடாது.

அந்தத் தளிர் வரும்போதுதான் ஆபத்தும் வரும். சில்லிட் என்ற சிறு பூச்சி இளந்தளிரில்தான் முட்டையிடும். பின்புறத்தைத் தூக்கிச் சாய்ந்து உட்காரும் பழக்கத்தை வைத்து அதை அடையாளம் காணலாம். குஞ்சுகள் நுனியில் மொய்த்து வெள்ளை மெழுகு நூல் விடும். கறிவேப்பிலைக்கு இதனால் நுனி சுருளும், அவ்வளவுதான். ஆனால் இதே பூச்சிதான் எலுமிச்சை வகைகளில் பச்சையாதல் நோயைப் பரப்புகிறது. லீமாவ் கஸ்தூரி, லீமாவ் பூருட் போன்ற எலுமிச்சை வகை பக்கத்தில் இருந்தால் அதன் இலையில் இடதும் வலதும் ஒத்துவராத மஞ்சள் திட்டு வரும், காய் கோணலாகிச் சிறுக்கும். பிடித்த மரத்துக்கு மருந்தில்லை. சின்ன வாசலில் இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வைத்தே ஆக வேண்டுமென்றால் கறிவேப்பிலைத் தளிர் வரும் வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நுனியைத் திருப்பிப் பார்த்து, பூச்சி கண்ட நுனியைக் கிள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள்.

மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும். பிப்ரவரி கடைசியில் ஒன்றரை அடிக்கு வெட்டி, மீதி இலையையும் உருவிவிட்டு, ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்துப் பிறகு தாராளமாக ஊற்றினால், சித்திரைப் புத்தாண்டு வாக்கில் மொட்டு எதிர்பார்க்கலாம். முருங்கையை நெஞ்சளவுக்கு வெட்டுங்கள். வெட்டிய போத்தில் மணிக்கட்டுப் பருமனுள்ளதை மூன்றடித் துண்டாக்கி, நிழலில் மூன்று நான்கு நாள் காயம் ஆறவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நடலாம். பச்சைக் காயத்தோடு நட்டு அதன்மேல் மழையும் பிடித்தால் அடி அழுகும். செம்பருத்தி எப்படி வெட்டினாலும் பிழைத்துக்கொள்ளும். மாமரத்தை மட்டும் இப்போது தொடாதீர்கள், காய் நிற்கும் நேரம், அறுவடை முடியட்டும்.

மண்ணுக்கு வருவோம். நம் பக்கத்துச் செம்மண் புளிப்பு அதிகம், மழையில் இறுகிவிடும். தொட்டிக்கு இங்கே வழக்கமான கலவை மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். நிலத்துப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் டோலமைட் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு இதற்கு ஆகாது, காரம் அதிகம். சுண்ணாம்பு போட்ட கையோடு கோழி எருவோ யூரியாவோ கலக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். மூக்கில் ஏறும் அந்த நெடி நீங்கள் கொடுத்த காசுதான். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

பழைய தொட்டி மண்ணைத் தூக்கி எறிய வேண்டாம். வெயில் காயும் நாட்களில் அதை ஈரமாக்கி, சிமெண்ட் தரையில் நான்கைந்து அங்குலக் கனத்தில் பரப்பி, மேலே கண்ணாடி போல் தெளிந்த பிளாஸ்டிக் விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்து நான்கு வாரம் விடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்கு அவ்வளவு சூடு போகாது. மண் ஈரமாக இருந்தால்தான் சூடு உள்ளே இறங்கும். நூற்புழுவும் களை விதையும் பெருமளவு அடங்கும்.

தேங்காய்நார்த் தூள் அதிகமுள்ள தொட்டிகளில் வேறொரு சிக்கல். முழுக்கக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும், நடுவில் தூசியாகவே இருக்கும். முதல் மழை பெய்துவிட்டது என்று நம்பி விடாதீர்கள். தொட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி எடுங்கள்.

உரம் இரண்டு மூன்று மழை நன்றாக நனைத்த பிறகு. காய்ந்த மண்ணில் போட்ட உப்பு உரம் வேரிலிருந்தே ஈரத்தை இழுக்கும், இலை ஓரம் கருகும். இலைச்செடிக்குப் பச்சை மணி உரம், அதாவது 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு). பூவுக்கும் காய்க்கும் நீல மணி உரம், 12-12-17-2 (கடைசி எண் மக்னீசியம்). ஓரடி அகலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி போதும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தண்டிலிருந்து தள்ளித் தொட்டியின் ஓரமாக. ஏப்ரல் மழை அரைமணி நேரத்தில் தொட்டியைக் கழுவிவிடும், அதனால் அதிகமாகப் போட்டால் லொங்காங்குக்குத்தான் (சாக்கடைக்குத்தான்) உரம். மழை வரப்போகும் மாலையில் போடாமல், பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போடுங்கள். ஆட்டுப் புழுக்கை மெதுவாகக் கரைவதால் மழைக்காலத்துக்கு அதுவே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

விதைப்பில் கீரையும் வெண்டையும் போதும், மற்றவை பிறகு. கீரை விதையை அதன் அளவைப்போல் நான்கு மடங்கு மணலோடு கலந்து தூவினால் அடர்த்தி சீராக விழும். மேலே மெல்லிய மண், பூவாளித் தண்ணீர், 50 விழுக்காடு நிழல்வலை. வலை வெயிலுக்காக மட்டுமில்லை. இடிமழைத் துளி நாற்றைச் சாய்த்து, மண்ணை இலையில் தெறித்துவிடும், நோய் அதில்தான் தொடங்கும். 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். வெண்டை விதையை இரவு ஊறவைத்து, செடிக்குச் செடி ஓரடி விட்டு ஊன்றுங்கள். ஏழு எட்டு வாரத்தில் காய். மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிக் கட்டையாகிவிடும்.

முதல் மழை இரவில் ஆப்பிரிக்க நத்தை எழும். வறட்சியில் ஓட்டு வாயை மூடிக்கொண்டு கிடந்தவை எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அந்த இரவே கைவிளக்கோடு பொறுக்குவது பிற்பாடு மருந்து வைப்பதைவிடப் பலன் தரும். கையுறை கட்டாயம், அவற்றில் எலியின் நுரையீரல் புழு இருக்கலாம், மனிதருக்கு மூளையுறை அழற்சி தரும். பச்சையாக உண்ணும் இலையை அதனால்தான் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல்வது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள், பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதைக் காப்பது எறும்புதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். மழை கழுவினால் மறுபடி தெளிக்க வேண்டும்.

மாங்காய் கோழிமுட்டை அளவு வந்ததும் தாள் உறை கட்டுங்கள். பழ ஈ காய்க்குள் ஊசி போல் முட்டை வைத்துவிட்ட பிறகு கட்டினால் புழுவையும் சேர்த்துப் பாதுகாத்ததாகும். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறியில் விழுவது ஆண் ஈ மட்டுமே, அதனால் பொறி இருக்கிறதென்று உறையை விட்டுவிடாதீர்கள். உதிர்ந்த காயை அன்றே பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்; விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும்.

தொட்டித் தட்டுகள் பலர் மறப்பவை. ஏடிஸ் கொசு முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டி மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும். முதல் மழை நீர் தொட்டதும் பொரிக்கும், ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது. முரட்டுத் தூரிகையால் விளிம்பைத் தேய்த்துக் கழுவி, மழைக்காலம் முழுக்கத் தட்டையே எடுத்துவிடுவது நல்லது. மழைநீர்ப் பீப்பாய்க்கு 10 லிட்டருக்கு 1 கிராம் வீதம் கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மணல் போடலாம். கொசுப் புழு வளரவிடுவது 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றம்.

வெட்டிய கிளைகளையும் சருகையும் கொளுத்தாதீர்கள். 1974 ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. சுண்டுவிரலைவிட மெல்லியதை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஓட்டை போட்ட பெரிய பையில் சருகோடு அடுக்கி, அடுக்குக்கு ஒரு கைப்பிடி கோழி எரு தூவி ஈரமாக வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் மக்கும். புளித்த நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். ஒன்றுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் தண்ணீர் போதவில்லை.