ஒரு புள்ளி அதிகம்

“பள்ளி நாட்களில் உங்களை உருவாக்கிய நூல்” என்று எங்கள் பள்ளிப் பழைய மாணவர் மலர்க் குழுவினர் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். திருக்குறள் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் வாணியம்பாடியில் என்னோடு படித்தவர்களே இதைப் படிக்கப் போகிறார்கள்; பொய் சொன்னால் மாட்டிக்கொள்வேன். நான் தேர்வுக்காக அல்லாமல் தூக்கம் கெட்டுப் படித்தது இப்னே ஸஃபியின் உருதுத் துப்பறியும் கதைகளைத்தான்.

அப்பா தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கணக்கெழுதினார். எங்கள் வீட்டில் தமிழ் தவிர வேறு பேச்சில்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் வீட்டில் உருது. உண்மைப் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வான். நாங்கள் வைத்த பட்டப்பெயர் ஹமீது, அதுவே போதும். இப்னே ஸஃபியின் ‘ஜாசூஸி துனியா’ (துப்பறியும் உலகம்) நாவல்களில் துப்பறிவாளர் கர்னல் பரீதிக்குத் துணையாக வரும் கேப்டனின் பெயர் அது. பரீதி பாம்பும் நாயும் வளர்க்கும் கண்டிப்பான மனிதர். கேப்டன் ஹமீதோ பக்ரா கான் என்ற ஆட்டுக்கடாவுக்குத் தொப்பி போட்டு, டை கட்டி அழைத்துப் போகிறவர். எங்கள் ஹமீதும் அந்த ரகம்தான்.

கடைவீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், நாளுக்குப் பத்துப் பைசா வாடகையில் உருது நாவல்கள் கொடுப்பார். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஹமீது புத்தகத்தைப் பிரித்து, உருதுவைப் பார்த்துக்கொண்டே தமிழில் கதை சொல்லுவான். இப்னே ஸஃபியின் இன்னொரு வரிசையான இம்ரான் தொடர் என்றால் குரலே மாறிவிடும். அலி இம்ரான் ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவன், பார்த்தால் அசடு. எந்நேரமும் சூயிங்கம் மெல்லுவான், சமையல்காரன் சுலைமானிடம் வாய்ச்சண்டையில் தோற்பான். ரகசியப் படையின் தலைவன் எக்ஸ்-டூவும் அவன்தான். தொலைபேசியில் அந்தக் குரல் கேட்டால் நடுங்கும் படை உறுப்பினர் ஜூலியா, நேரில் இம்ரானைக் கண்டால் எரிந்து விழுவாள். தமிழ்வாணனின் சங்கர்லாலைத் தவிர வேறு துப்பறிவாளரை ஒப்புக்கொள்ளாத நான் ஒரே மாதத்தில் கட்சி மாறினேன்.

சரியான இடத்தில் மணி அடித்துவிடும். “மீதி நாளைக்கு” என்று புத்தகத்தை மூடுவான் படுபாவி. அவன் தயவில் பிழைக்கப் பொறுக்காமல்தான் உருது கற்க இறங்கினேன். எழுத்துகள் சீக்கிரம் பழகிவிட்டன, படிப்பதுதான் வரவில்லை. உருதுவில் குறில்களுக்குக் குறி போட்டு எழுதுவது வழக்கமில்லை. ஒரே இரண்டெழுத்தை ‘குல்’ என்று படித்தால் பூ, ‘கில்’ என்று படித்தால் களிமண். பிணம் கிடந்தது பூவின் மேலா, சேற்றின் மேலா என்று ஓர் இரவு முழுக்க விழித்திருக்கிறேன்.

இப்னே ஸஃபியின் இயற்பெயர் அஸ்ரார் அகமது. அலகாபாத் மாவட்டத்து நாரா கிராமத்தில் 1928-ல் பிறந்தவர். ஆபாசம் கலக்காவிட்டால் உருதுவில் கதை விற்காது என்று நண்பர்கள் கூட்டத்தில் யாரோ சொல்ல, விற்றுக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர் என்பார்கள். 1952 மார்ச்சில் அலகாபாத்தில் ‘ஜாசூஸி துனியா’ தொடங்கியது. ஆகஸ்டில் அவர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தார். 1955-ல் இம்ரான் வந்தான். நாடு இரண்டான பிறகும் கதை இரண்டு பக்கமும் போயிற்று. இந்தியப் பதிப்பை அலகாபாத்தில் அப்பாஸ் ஹுஸைனி அச்சிட்டார்.

1960 வாக்கில் மனநோய் அவரை வீழ்த்தியது. மூன்று ஆண்டுகள் எழுதவில்லை. அந்த இடைவெளியில் போலிகள் முளைத்தார்கள். அவர்களில் ஒருவர் ‘என். ஸஃபி’. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இன்றும் வியக்கிறேன். உருதுவில் ‘இப்னே’ என்று எழுத நடு எழுத்தின் கீழே ஒரு புள்ளி. ‘என்’ என்று எழுத இரண்டு. மற்றபடி அப்படியே. 1963-ல் அவர் குணமாகி ‘டேட் மத்வாலே’ நாவலோடு திரும்பியபோது, இந்தியப் பதிப்பை வெளியிட்டு வைத்தவர் லால் பகதூர் சாஸ்திரி.

அசல் திரும்பியும் நகல்கள் கடிகாரக் கடை அலமாரியை விட்டுப் போகவில்லை. யார் உதவியும் இல்லாமல் நான் முதன்முதலில் முடிக்கவிருந்த நாவலை வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ள வந்த உருது முன்ஷி அதைப் பிடுங்கினார். அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“புள்ளியை எண்ணினாயா?”

“இரண்டு, ஸார்.”

“இப்னேக்கு எத்தனை?”

“ஒன்று, ஸார்.”

“காசு கொடுத்துக் குப்பையைப் படித்திருக்கிறாய்” என்று காதைத் திருகினார். வகுப்பில் கதைப்புத்தகம் படித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1980 ஜூலை 26 அன்று, தம் ஐம்பத்திரண்டாவது பிறந்த நாளில், கராச்சியில் இப்னே ஸஃபி இறந்தார். செய்தி எங்கள் கடைவீதிக்கு வந்தபோது கடிகாரக்காரர் என்னிடம் அன்றைய வாடகையை வாங்கிக்கொள்ளவில்லை.

நம் பிள்ளைகளுக்கு உருது தெரியாது. சிலருக்குத் தமிழே தடுமாற்றம். அவர்களுக்காக ஒரு தகவல்: பரீதி நாவல்கள் நான்கு 2011-ல் ஆங்கிலத்தில் வந்தன. வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். மொழிபெயர்த்தவர் உருது விமரிசனத்தின் பெருந்தலையான ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி.

இனி ஹமீது விஷயம். ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாகிஸ்தானின் முல்தான்காரர் ஒருவரின் டாக்ஸியில் அடிக்கடி போவேன். தம் ஊர் எழுத்தாளர் மஸ்ஹர் கலீம் பிற்காலத்தில் எழுதிய இம்ரான் கதைகளே உசத்தி என்பார். அவற்றில் ஆயுதம் அதிகம், சிரிப்புக் குறைவு என்பது என் கட்சி. ஒரு நாள் பேச்சு பழைய பரீதி கதை ஒன்றுக்குத் தாவியது. கொலைகாரன் தோட்டக்காரன்தான் என்று முதலிலேயே ஊகித்ததாகப் பெருமையடித்தேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, “பாய், அந்தக் கதையில் தோட்டக்காரனே கிடையாதே” என்றார்.

அடுத்த விடுமுறையில் ஹமீது வீட்டில் பிரியாணிக்கு நடுவே கேட்டேன்.

“கடைசி இருபது பக்கம் கிழிந்து போயிருந்ததுடா” என்றான் சற்றும் கூச்சமில்லாமல். “நீ மரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் என்ன செய்வேன்?”

“இப்படி எத்தனை கதை?”

வாயில் சோறு இருந்தது. இரண்டு விரலைக் காட்டினான். அது கதைகளின் கணக்கா, புள்ளிகளின் கணக்கா என்று அவன் இன்றுவரை சொல்லவில்லை.