அப்பா வேற்றுக்கிரகவாசியான கதை

நேற்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு 'தி ட்விலைட் சோன்' தொடரில் ஒரு எபிசோடு பார்த்தேன். 1960 மார்ச்சில் அமெரிக்காவில் வந்தது, கறுப்பு வெள்ளை, அரை மணி நேரம்கூட இல்லை. மேப்பிள் தெரு என்று ஒரு சாதுவான தெரு. திடீரென்று கரண்ட், போன், கார் எல்லாம் நின்றுவிடுகின்றன. காமிக்ஸ் படிக்கிற பொடியன் ஒருவன், வேற்றுக்கிரகத்தார் மனிதர்கள் மாதிரியே ஒரு குடும்பத்தை முன்கூட்டி அனுப்பி வைத்திருப்பார்கள் என்று கொளுத்திப் போடுகிறான். அவ்வளவுதான், விடிவதற்குள் துப்பாக்கிச் சூடு, கல்லடி. 'ஒரு கரண்ட் கட்டுக்கா இந்த அலம்பல், ரொம்ப ஓவர்' என்று நினைத்து முடிக்கவில்லை, பொசுக்கென்று இங்கே கரண்ட் போனது.

அப்பாவிடம் ஒரு எமர்ஜென்சி லைட் உண்டு. மூன்று வேளை மாத்திரை மறந்தாலும் அதற்கு சார்ஜ் போட மறக்க மாட்டார். எழுந்து வந்து அதைப் போட்டார். தெருவிலேயே வெளிச்சம் எங்கள் வீட்டில் மட்டும். கீழே கூடியிருந்த இருட்டிலிருந்து ஒரு குரல்: "அவங்க வீட்ல மட்டும் எப்படி?"

அந்த எபிசோடிலும் அப்படித்தான், ஒருத்தருடைய கார் மட்டும் தானாக ஸ்டார்ட் ஆகும், அவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

விளக்கம் சொல்ல அப்பாவும் நானும் இறங்கிப் போனோம். போகாமலே இருந்திருக்கலாம். எதிர்வீட்டு அக்கா, "சார் நடுராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில நின்னு வானத்தையே பார்ப்பாரே, எதுக்கு?" என்று கேட்டார். எனக்குப் புல்லரித்துவிட்டது, ஏனென்றால் அந்த கார்க்காரர் மேல் வைக்கிற அடுத்த குற்றச்சாட்டும் இதேதான், தூக்கம் வரவில்லை என்பார் பாவம். அப்பாவும் அச்சு அசலாக, "தூக்கம் வரலைம்மா" என்றார். கூட்டம் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி நானும் நம்பவில்லை.

அதற்குள் அடுத்த தெருவில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கப் போன தம்பி இருட்டில் திரும்பி வர, மாடி வீட்டு அங்கிள் குடையை ஓங்கிவிட்டார். நல்லவேளை, குடைதான்.

கரண்ட் வந்ததும் எல்லோரும் ஒன்றுமே நடக்காத மாதிரி கலைந்து போனார்கள். ஒரு சாரி கிடையாது. அப்பா மட்டும் படியில் என்னை நிறுத்தி, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மா குறட்டைடா. அவகிட்ட சொல்லிடாதே, மனசு கஷ்டப்படுவா."