மாடு இருந்தா தான் அந்தப் பறவை இருக்கும்

ஸ்காட்லாந்துக்கு மேற்கால அட்லாண்டிக் கடல்ல அவுட்டர் ஹெப்ரிடீஸ்னு ஒரு தீவுக்கூட்டம் இருக்கு, அதுல சவுத் யூஸ்ட் தீவுல கொஞ்ச காலம் ஃபீல்டு சர்வே வேலை பாத்தேன். வேலை என்னன்னா கார்ன்கிரேக்னு ஒரு பறவைய எண்ணணும். நம்ம கானாங்கோழி குடும்பம் தான், புல்லுக்குள்ளயே கிடக்கும், லேசுல வெளிய வராது. அதனால கண்ணால பாத்து எண்ண முடியாது, காதால தான் எண்ணணும், அதுவும் நடுராத்திரி பன்னெண்டுல இருந்து மூணு மணி வரைக்கும், ஆண் பறவை விடாம கத்துற நேரம் அது.

சத்தம்னா சீப்போட பல்ல நகத்தால இழுக்குற மாதிரி, க்ரெக்ஸ் க்ரெக்ஸ், க்ரெக்ஸ் க்ரெக்ஸ்னு ரெண்டு ரெண்டா வரும். அறிவியல் பேரே அதான், க்ரெக்ஸ் க்ரெக்ஸ். காத்து அடங்கின ராத்திரில ஒரு கிலோமீட்டர் தாண்டியும் கேக்கும், ஆனா கிட்ட போனா எங்க இருந்து வருதுன்னே புடிபடாது, தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே கத்தும், திருப்பும்போது சத்தம் கூடும் குறையும். ரெண்டு இடத்துல நின்னு திசைய குறிச்சு மேப்புல கோடு போட்டு, கோடு வெட்டுற இடம் தான் பறவை. ஜூன் மாசம் அங்க முழுசா இருட்டவே இருட்டாது, வடக்கால வானம் வெளுத்தாப்லயே கிடக்கும், அந்த வெளிச்சத்துலயே பாதி வேலை ஓடிரும்.

தீவோட அமைப்ப சொல்லிடறேன், அது தெரியலைனா மத்தது புரியாது. கிழக்குப் பக்கம் முழுக்க பாறை, நைஸ்னு சொல்ற ரொம்பப் பழைய பாறை, சில இடத்துல வயசு 300 கோடி வருசம் வரும், அதுக்கு மேல சதுப்பு, பீட்னு சொல்ற மட்குன செடி மண், பென் மோர்னு 620 மீட்டர் மலை. விவசாயத்துக்கு ஆகாது, ஆடு மேயும் அவ்ளோ தான். மேற்குப் பக்கம் தான் உயிர் இருக்கு. கடல் சிப்பி பொடியாகி வெள்ளை மணலா கரை ஒதுங்கி, காத்துல உள்ள பறந்து வந்து படிஞ்சு, சுண்ணாம்புச் சத்துள்ள ஒரு சமவெளி ஆகியிருக்கு, அதுக்குப் பேரு மாக்கர். உலகத்துலயே ஸ்காட்லாந்தோட வடக்கு மேற்குக் கரைலயும் அயர்லாந்தோட மேற்குக் கரைலயும் மட்டும் தான் இந்த மாதிரி நிலம். ஜூலைல போய் நின்னா கால் வைக்க இடமில்லாம பூ.

அந்தப் பூவ பாத்துட்டு இது தானா வளந்த இயற்கைன்னு எல்லாரும் நினைப்பாங்க, ஆனா அது அப்டியே விட்ட நிலம் இல்ல. அங்க சின்ன விவசாயிங்கள கிராஃப்டர்னு சொல்றாங்க, அவங்க நிலத்துண்டுக்குப் பேரு கிராஃப்ட். குளிர்காலப் புயல்ல கரை ஒதுங்குற கடல்பாசிய டிராக்டர்ல அள்ளிட்டு வந்து மணல்ல பரப்புவாங்க, அதான் உரம். மேலாப்ல உழுவாங்க, ஆழமா உழுதா மணல் காத்தோட போயிடும். ஓட்ஸ், ரை, பேர் பார்லினு பழைய ரகங்கள ஒண்ணா கலந்து விதைப்பாங்க, எல்லாம் குளிர்காலத்துல மாட்டுக்கு. ரெண்டு வருசம் பயிர், அப்புறம் ரெண்டு வருசம் போல சும்மா விட்டுருவாங்க. அந்த சும்மா விட்ட நிலத்துல தான் பூ வருது, பூவத் தேடி கிரேட் யெல்லோ பம்பிள்பீனு ஒரு அரிய தேனீ வருது, ஆள்காட்டிலாம் முட்டை வைக்குது. ஆடு மாடுங்க கோடைல மலைக்குப் போயிடும், அந்த நேரத்துல கீழ குஞ்சுங்க மிதி படாம வளந்துரும். இந்த வரிசைல எங்க ஒரு கண்ணி அறுந்தாலும் மத்தது நிக்காது.

கார்ன்கிரேக் கதையும் இதே தான். சகாராவத் தாண்டி ஆப்பிரிக்கால இருந்து ஏப்ரல் கடைசி, மே வாக்குல வரும். அப்போ புல்லு உயரமா இருக்காது, அதனால மஞ்சள் ஐரிஸ் புதர்லயும் செந்தட்டி புதர்லயும் ஒளிஞ்சிருக்கும், புல்லு ஏறின பிறகு வயலுக்குள்ள போகும். ஒரே கோடைல ரெண்டு தடவ குஞ்சு பொரிக்கும், ஆகஸ்டு வந்தாலும் புல்லுக்குள்ள குஞ்சு இருக்கும். முன்னாடி அரிவாளால கொஞ்சம் கொஞ்சமா லேட்டா அறுத்தாங்க, மெஷின் வந்து, சைலேஜுக்காக, அதாவது பச்சைப் புல்ல புளிக்க வெச்சு தீவனமாக்க, சீக்கிரமா அறுக்க ஆரம்பிச்சதும் பிரிட்டன்ல பெரும்பாலான இடத்துல இந்தப் பறவை இல்லாமயே போச்சு. மெயின்லேண்ட் கிட்டத்தட்ட முழுக்க காலி ஆகி பெரும்பாலும் இந்த மாதிரி ஓரத்துத் தீவுகள்ல தான் தங்கிருச்சு. இங்க மெஷின் வராம இல்ல, ஆனா மாடு கொஞ்சம், வயல் சின்னது, அறுப்பு லேட்டு.

அறுக்குற விதம் பாத்தப்போ தான் எனக்கு முழுசா விளங்குச்சு. சாதாரணமா வயலோட ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி உள்ள வருவாங்க. இந்தப் பறவை திறந்த வெளிய தாண்டி ஓட பயப்படும், அதனால நிக்குற புல்லுக்குள்ளயே பின்வாங்கிப் பின்வாங்கி கடைசி ஒரு பட்டைல வந்து மாட்டிக்கும், அதையும் அறுத்தா முடிஞ்சுது. அதனால இங்க, லேட்டா அறுக்குறதுக்குப் பணம் தர்ற ஒப்பந்தத்துல சேர்ந்த கிராஃப்டருங்க ஆகஸ்டு வரைக்கும் காத்திருந்து, நடுவுல ஆரம்பிச்சு வெளிய பாத்து அறுக்குறாங்க, அதுவும் மெதுவா. ஒரு பெரியவர் வயல்ல நான் ஓரத்துல நின்னுட்டு இருந்தேன். டிராக்டர் நெருங்க நெருங்க புல்லோட நுனி மட்டும் ஒரு கோடா ஆடுச்சு, அடில என்னமோ ஓடுது. வேலி ஓரத்து செந்தட்டிக்குள்ள தாய் நுழைஞ்சுது, அது பின்னாடி கரிக்கருப்பா குஞ்சுங்க ஒண்ணொண்ணா உருண்டு போச்சு, அவரு கியர நியூட்ரல்ல போட்டுட்டு கடைசிக் குஞ்சு போற வரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம் என்கிட்ட சொன்னாரு, "பறவைக்காக நான் புல்லு வளக்கல, மாட்டுக்காக வளக்குறேன். நாளைக்கு மாட்ட வித்துட்டேன்னா நீ இங்க வந்து எண்ண ஒண்ணும் இருக்காது."

அது நிஜம். மாடு போன வயல்கள நான் பாத்தேன், ரெண்டு மூணு வருசத்துல புல்லு மட்கி மெத்தையா படிஞ்சு, பறவை நடக்கவே முடியாத அளவுக்கு அடர்ந்துடுது. சத்தமே கேக்காது.

அதுக்காக விவசாயியும் காட்டுயிரும் சண்டையே இல்லாம இருக்காங்கன்னு சொல்ல வரல. கிரேலாக் வாத்து பெருகி, அறுக்குறதுக்கு முன்னாடியே கதிர்ல இறங்கிடுது, ஒரே ராத்திரில ஒரு துண்டு நிலத்த மிதிச்சே காலி பண்ணிடும். வெள்ளைவால் கடல் கழுகு இருக்கே, பிரிட்டன்ல கடைசி பறவைய 1918ல ஷெட்லாந்துல சுட்டாங்க, 1975ல நார்வேல இருந்து குஞ்சு கொண்டு வந்து ரம் தீவுல விட ஆரம்பிச்சு இப்போ நல்லா பெருகியிருக்கு. ரெண்டரை மீட்டர் அளவு றெக்கை விரிச்சு தலைக்கு மேல வரும்போது உடம்பு சிலிர்க்கும், அதே கழுகு ஆட்டுக்குட்டிய தூக்குதுன்னு கிராஃப்டர் சொன்னா அவரு பொய் சொல்லல. எவ்ளோ தூக்குது, ஏற்கனவே செத்த குட்டிய எடுக்குதாங்கறதுல வாக்குவாதம் இருக்கலாம், ஆனா நஷ்டத்த ஒருத்தர் மட்டும் தாங்கணும், சந்தோசம் ஊருக்கெல்லாம்னா அது நியாயமே இல்லங்கறது என் கருத்து.

வெளிய இருந்து ஒண்ண கொண்டு வந்து விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கும் இந்தத் தீவே சாட்சி. 1974ல தோட்டத்துல நத்தைப்பூச்சிய ஒழிக்க சில முள்ளெலிய கொண்டு வந்து விட்டாங்க. அது பெருகி பக்கத்துத் தீவு வரைக்கும் பரவி, தரைல முட்டை வைக்குற கரைப்பறவைங்க கூட்ட காலி பண்ணிருச்சு. 2003ல கொல்ல ஆரம்பிச்சு, பெரிய எதிர்ப்பு வந்து, அப்புறம் புடிச்சு மெயின்லேண்டுல விட்டாங்க.

நிலம் யாருதுன்னு பேசாம அங்க எதையும் பேச முடியாது. 1851ல நிலச்சொந்தக்காரரு சனங்கள கப்பல்ல ஏத்தி கனடாவுக்கு அனுப்புன தீவு இது. 1886ல கிராஃப்டருங்களுக்குன்னு ஒரு சட்டம் வந்த பிறகு தான் அவங்கள நினைச்சபடி வெளியேத்த முடியாதுங்கற பாதுகாப்பு கிடைச்சுது, 2006ல ஊர்க்காரங்களே சேர்ந்து எஸ்டேட்ட விலைக்கு வாங்குனாங்க. உரிமையோட கடமையும் இருக்கு, கிராஃப்டுல இருந்து 32 கிலோமீட்டருக்குள்ள குடியிருக்கணும், நிலத்த சும்மா போட்டு வைக்கக் கூடாது. ஆனா அந்த நிலத்துல மட்டும் யாரும் சாப்பிட முடியாது, நான் பழகின எல்லாருக்கும் இன்னொரு வேலை இருந்துச்சு, மீன் பண்ணை, தபால், பள்ளிக்கூடம்னு.

லேட்டா அறுத்தா புல்லோட சத்து குறையும், ஆகஸ்டு மழைல நனையும், வெளிய தீவனம் வாங்கணும், ஃபெர்ரில வர்ற தீவனத்துக்கு விலை கூட. அதுக்குத் தான் ஒப்பந்தப் பணம். அது பெரும்பாலும் அஞ்சு வருச ஒப்பந்தம், அடுத்தது கிடைக்குமானு யாராலயும் சொல்ல முடியாது. கிடேரி கன்னு வாங்கி அது வளந்து கன்னு போட்டு அந்தக் கன்ன விக்கவே மூணு நாலு வருசம் ஓடிரும், அஞ்சு வருசக் காகிதத்த நம்பி ஒரு இளைஞன் மாடு வாங்கணும்னா யோசிப்பான் தான். சர்வே ரிப்போர்ட்டுல பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்துல அந்த வயல்ல எத்தன மாடுன்னு ஒரு கட்டமும் சேக்கணும்னு கேட்டேன், சேத்தாங்க.