துருக்கோடு

மே 6
மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. ஐஸ் கம்பெனியும் ஓடவில்லை. கம்ப்ரசர் நிற்கும் இரும்பு மேடையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். தூணும் பீமும் சேரும் இடத்தில், பீமின் கீழ்ப் பட்டை வெல்டை ஒட்டி, பெயின்டுக்கு மேல் மயிரிழை கனத்தில் ஒரு துருக்கோடு. "உப்புக் காத்து சார், பெயின்ட் அடிச்சா சரியாப் போயிரும்" என்றார் முதலாளி. இந்தக் கரையில் எல்லாப் பழியும் உப்புக் காற்றுக்குத்தான். துரு என்றால் பொரிந்து பரவும். இது பென்சிலால் இழுத்தது போல் இருந்தது.

மே 7
சுரண்டிச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் ஊறிக் காட்டிக் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஊறி வந்தது: நாலு விரல் நீளம், பட்டையின் நடுவே தடிப்பாக. தூணுக்குள் பீம் பட்டைக்கு நேராக முட்டுத் தகடு வைக்கவில்லை. தூண் பட்டையின் ஓரங்கள் நெளிந்து கொடுக்கும், வெப் (தூணின் நடுத் தகடு) பிடித்திருக்கும் நடுப்பகுதி கொடுக்காது. இழுப்பு அங்கேதான் குவியும்.

மே 9
விரிசலுக்கு மேல் இன்னொரு வெல்டிங் ராடு ஓட்டி மூடிவிடலாம் என்றார்கள். மூடினால் விரிசல் உள்ளேயே இருக்கும், அவ்வளவுதான். கிரைண்டரால் தோண்டியதில் வெல்டுக்கு அடியில் வைத்த பேக்கிங் தகடு அப்படியே இருந்தது. அதற்கும் தூணுக்கும் நடுவே கத்தி நுனி போல ஒரு இடுக்கு. விரிசல் புறப்பட்டது அங்கிருந்து. அந்தத் தகட்டை வெட்டி எடுக்க வேண்டாம் என்று மேடை கட்டிய அன்றைக்குச் சொன்னது நான்தான். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.

1994 ஜனவரி 17, லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் பல இரும்புக் கட்டடங்களின் வெல்டு பிளந்ததும் பெரும்பாலும் இந்தக் கீழ்ப் பட்டையில்தான். அங்கே சில வினாடிக் குலுக்கல். இங்கே கம்ப்ரசர் நிமிஷத்துக்கு 600 சுற்று, சுற்றுக்கு ஒரு இழுப்பு என்றால் பத்து மணி நேரத்தில் 3,60,000. ஐரோப்பிய விதிநூல் வெல்டு இணைப்பைத் தரம் பிரிப்பது 20 லட்சம் சுழற்சி, அதாவது இழுப்பு ஏறி இறங்கும் தடவைக் கணக்கில். நமக்கு அது சுமார் ஆறு நாள்.

மே 20
முட்டுத் தகடு ஏறியது. 7018 ராடுகளை (ஹைட்ரஜன் குறைவாக விடும் வகை) ஓவனில் காய வைத்துத்தான் எடுத்தோம். இந்த ஈரக் காற்றில் அப்படியே எடுத்தால் ஹைட்ரஜன் புகுந்து வேறு விரிசல் வரும். ஏறி இறங்கும் இழுப்பின் அளவு பாதியானால் வெல்டின் ஆயுள் சுமார் எட்டு மடங்கு. அதற்காக வெல்டின் ஓரத்தையும் வழவழப்பாகத் தேய்க்கச் சொன்னேன். "அழகுக்கா சார்?" என்றார் வெல்டர்.

ஜூன் 13
நாளையோடு தடை முடிகிறது. இன்று வெள்ளைப் பூச்சில் சிவப்பு வரவில்லை. எதிர்த் தூணின் பேக்கிங் தகடு இன்னும் பாக்கி, சாயந்திரத்துக்குள் வெட்டிவிடுவார்கள்.