கூப்பிட்டா வராது, ஆனா எல்லாம் தெரியும்

பூனைக்கு அறிவு கம்மின்னு சொல்றவங்கள பாத்தா சிரிப்புதான் வருது. பேர சொல்லி கூப்பிட்டா எங்க வீட்டு மகாராணி திரும்பியே பாக்க மாட்டா, ஆனா காது மட்டும் லேசா நம்ம பக்கம் திரும்பும் பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. 2019ல வெளிவந்த ஒரு ஜப்பான் ஆய்வுல, வீட்டுப் பூனைங்க தன் பேர மத்த வார்த்தைங்கள்லேர்ந்து பிரிச்சு கண்டுபிடிக்குதுன்னு சொல்லிட்டாங்க, அதுவும் முன்ன பின்ன தெரியாத ஆள் கூப்பிட்டா கூட. ஆக காது கேக்காம இல்ல, கொழுப்பு!

2021ல இன்னொண்ணு: ஓனர் குரல ஒரு ஸ்பீக்கர்ல போட்டுட்டு உடனே வேற இடத்துலேர்ந்து போட்டா பூனை திகைச்சுப் போகுதாம், அதாவது நாம கண்ல படாட்டியும் எங்க இருக்கோம்னு மனசுல கணக்கு வச்சிருக்கு. இவளும் அப்படித்தான், நான் எந்த ரூம்ல ஒளிஞ்சாலும் கைப்பிடில தொங்கி கதவத் திறந்துட்டு வந்துடறா, இப்ப தாழ்ப்பாள் போட்டாதான் நிம்மதி.