சாவு எங்கண்ணே?

மார்ச் 4

இன்றும் இல்லை. கண் விழித்ததும் காதருகே விரல்களை உரசிப் பார்த்தேன். வலது பக்கம் காகிதம் கசங்குவது மாதிரி ஒரு சத்தம். இடது பக்கம் விரல்கள் மட்டும்தான் இருக்கின்றன.

மார்ச் 5

காதுக்குக் கொடுத்த மாத்திரை தூக்கத்தைத் தின்கிறது. இரவு இரண்டரைக்கு மறுபடி அந்தப் படம். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையெல்லாம் விட்டாயிற்று. கதாநாயகனுக்காக இல்லை. அவன் அடிக்கிறான், பஞ்ச் பேசுகிறான், சரி. எனக்கு அந்த டிரைவர்தான் படம். மொத்தமே நாலு காட்சி, ஒருமுறை கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், 11 நிமிடம்கூட முழுதாக இல்லை. குடோனில் ஆட்கள் பறந்துகொண்டிருக்கும்போது பின்னால் ஓரமாக நின்று சட்டைக் கையால் சைடு மிர்ரரைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒருத்தன் வந்து பானெட் மேல் விழுவான். அவனைப் பார்க்கவே மாட்டார். குனிந்து பெயிண்டைப் பார்ப்பார். பிறகு அவன் காலை இரண்டு விரலால் பிடித்து, ஈரத் துணியை நகர்த்துவது மாதிரி நகர்த்துவார். அந்த இடத்தில் கதாநாயகன் என்ன பேசுகிறான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்த வசனம். துரத்தி வருகிறார்கள், கதாநாயகன் பாய்ந்து பின் சீட்டில் விழுகிறான், சுடுகிறார்கள், கண்ணாடி நொறுங்குகிறது, டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்: "சாவு எங்கண்ணே?" வர வேண்டிய ஆள் இன்னும் வரவில்லையே என்று விசாரிக்கிற மாதிரி. கதாநாயகன் பதில் சொல்ல மாட்டான், மெதுவாகக் கையை நெஞ்சின் மேல் வைப்பான். தியேட்டரே சிரித்தது. நான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 6

அக்கா வந்திருந்தாள். அந்த இடம் வந்ததும் வழக்கம்போல நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "சாவிடீ" என்றாள்.

"என்னது?"

"சாவி. வண்டிச் சாவி. அவன் சட்டைப் பையைத் தடவறான் பாரு."

மார்ச் 7

நெஞ்சு இல்லை. பை.

மார்ச் 8

7 வருடம். 7 வருடமாக அந்த வசனத்தை எங்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று லிஃப்டில் தனியாக நின்று சொன்னேன். அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, அவரும் என்னோடு அந்தப் படத்தைப் பார்த்தவர்தானே என்று காதோரம் சொன்னேன். "பீரோவுலதான் இருக்கு, போய்ப் பாரு" என்றார். மயக்க மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

இதையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் தேட ஆரம்பித்தேன், தேடியிருக்கக் கூடாது. இ, உ இரண்டுக்கும் அடியில் இருக்கும் அதிர்வு ஏறக்குறைய ஒன்றேதான், 300 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அதற்கு மேலே இருக்கும் அடுக்கு. இ-க்கு அது 2000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும், உ-வுக்கு வெகு கீழேயே நின்றுவிடும். அதாவது மேல் ஒலிகள் விழாத காதுக்கு சாவியும் சாவும் ஒன்று. என் காது சோதனைச் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி போடுவார்கள். 1000 வரை தத்தித் தத்தி வந்து, அதற்கப்புறம் படிக்கட்டில் உருண்டதுபோல இறங்குகின்றன.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். 3 நாள் என்றேன். 7 வருடம் என்று சொல்லியிருக்க வேண்டுமா? இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் பலன் அதிகம் என்கிறார்களே, எந்த இரண்டு வாரம்?

மார்ச் 9

சப்டைட்டில் போட்டேன். டிரைவர் பேசும் இடத்தில் ஒன்றுமே இல்லை, நேராகக் கதாநாயகனின் அடுத்த வசனம். நொடிக்கு இத்தனை எழுத்துதான் கண் படிக்கும் என்று கணக்கு வைத்து வெட்டுவார்களாம். வெட்டுவதற்கு இவர்தான் கிடைத்தார்.

வாயைப் பார்க்கலாம் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இ என்றால் உதடு விரியும், உ என்றால் கொஞ்சமாவது குவியும். அந்த ஷாட்டில் பின்தலையும், கண்ணாடியில் இரண்டு கண்களும்தான். கண்களால் பேசுகிறாராம். பேசட்டும்.

மார்ச் 10

வலது காதில் மட்டும் ஹெட்ஃபோன். சாவு. மறுபடி. சாவு. பயந்துவிட்டேன். இந்தக் காதின் சார்ட்டில் சிவப்பு வட்டங்கள் எல்லாம் ஒழுங்காக மேலேயே நிற்கின்றனவே. பிறகு அக்கா குரலை மனதில் ஓடவிட்டுக்கொண்டு கேட்டேன், சாவி. சாவு என்று நினைத்துக்கொண்டால் சாவு. பாதி வேகத்தில் ஓட்டியபோதுதான் பிடிபட்டது. துப்பாக்கிச் சத்தம் சரியாகக் கடைசி எழுத்தின் மேல் விழுகிறது. அங்கே எழுத்தே இல்லை.

1970-இல் வாரன் என்று ஒருவர் ஒரு வாக்கியத்தில் ஒரு ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே இருமலை ஒட்டிப் போட்டுக் காட்டினார். கேட்டவர்களில் அநேகமாக எல்லோரும் வார்த்தை முழுசாகக் கேட்டதாகத்தான் சொன்னார்கள். அக்காவுக்குச் சாவி. எனக்கு இது. தியேட்டரில் காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது, உ-வைப் போட்டது நான்.

நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று தெரியவில்லை.

மார்ச் 11

விரல். இல்லை.

மார்ச் 12

போனை இடது காதில் வைத்துப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள்ளிருந்து அக்கா. ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை, ஆனால் அக்காதான், கோபமாக இருந்தாள்.

மார்ச் 13

10 மணிக்கு மறு சோதனை. பொத்தானை அழுத்துவதுகூடப் பரவாயில்லை, அடுத்ததுதான் வேண்டாம். வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார்கள், காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னச் சின்னச் சொற்கள்தான். அந்தச் சொல் வந்துவிட்டால் எதைச் சொல்வது? யோசிக்காமல் சொல்லுங்கள் என்பார்கள்.

அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னவோ கேட்கிறாள், இடது பக்கமிருந்து