ஹெரால்டின் கண்ணாடி ஆட்டம்

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறினாலே அப்பாவின் டிரையம்ஃப் ஹெரால்ட் காரின் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடிக்கத் தொடங்கிவிடும். கூரையை மடக்கிவிடும் வண்டி, கதவுக்கு மேலே சட்டம் கிடையாது. பாதி இறக்கிய கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவது கதவுக்குள் இருக்கும் சேனல்தான், கண்ணாடி ஏறி இறங்கும் தகரப் பள்ளம். அதன் உள்ளே ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணிப்பட்டை தேய்ந்தால் கண்ணாடி நேரே தகரத்தில் மோதும்.

போன ஞாயிறு உச்சிப்புளியில் தெரிந்த மெக்கானிக் அண்ணனோடு வலது கதவைப் பிரித்தேன். அடியில் ஒரு கைப்பிடி மணல், ஈரமாக, கெட்டியாக. தண்ணீர் வடியும் துளைகளை அதுதான் அடைத்திருந்தது. சேனலைக் கீழே தாங்கும் பட்டையை ஸ்பேனர் தொட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"தம்பி, ஃபெல்ட்டை மட்டும் மாத்தி என்ன செய்ய? இது ஆடுற வரைக்கும் கண்ணாடியும் ஆடும்" என்றார்.

சரி என்று புதுப் பட்டை வெட்டி, துருத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். புது ஃபெல்ட்டும் போட்டாயிற்று. போல்ட்டுகளை உடனே முறுக்கவில்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றி, அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினோம். ரொம்ப இறுக்கினால் கைப்பிடி சுற்றும்போது கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரம் தேய்ந்துபோகும். கிரீஸ் பல்சக்கரத்துக்கு மட்டும். ஃபெல்ட்டில் பட்டால் மணலை இழுத்து ஒட்டிக்கொள்ளும், நம் கடற்கரையில் அது கண்ணாடியைக் கீறிவிடும்.

சாயங்காலம் பாலத்தில் கண்ணாடியைப் பாதி இறக்கி ஓட்டினேன். வலப்பக்கம் சத்தமே இல்லை. அப்பா ஓட்டிய காலத்தில் கேட்ட அதே எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்டது. இடது கதவு அடுத்த ஞாயிறு.